நாற்பது கிலோமீட்டர்

2020 ஆகஸ்ட் இரண்டாவது வாரம். காலையில் அண்ணன் வாட்ஸப்பில் மூன்று படங்கள் அனுப்பியிருந்தான். முதல் படத்தில் பாப்பாவின் முகம். இரண்டாவதில் அண்ணியும் பாப்பாவும். மூன்றாவதில் இரண்டு பாதங்கள் மட்டும். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "கால் இப்டி கீது. டாக்டரம்மா எண்ண போட்டு நீவி விடச் சொன்னாங்க. தானா சரியாப் பூடுமாம். நீ இன்னா சொல்ற?"

நான் அப்போது சென்னையில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் வலி, கழுத்து வலி, ஐடி கம்பெனி முதுகு. பிறந்த குழந்தையின் காலை கல்லூரி முடித்தபின் தொட்டதே இல்லை. ஆனாலும் அந்த மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இரண்டு உள்ளங்கால்களும் கும்பிடுவதுபோல ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. குதிகால் மேலே ஏறி உள்பக்கம் திரும்பியிருந்தது. பாதத்தின் உள்விளிம்பில் குறுக்காக ஒரு ஆழமான மடிப்பு. இந்தப் பாதத்தை நான் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். அது எங்கள் மாமாவின் பாதம்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருக்கிறார். பாதத்தின் வெளிவிளிம்பை ஊன்றி நடப்பார். அந்த விளிம்பில் தோல் தடித்து, எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்து, வெயில் காலத்தில் வெடித்துவிடும். செருப்பு போட்டு நான் பார்த்ததில்லை. போடுவதற்குச் செருப்பு இல்லை. ஊரில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. இங்கே அதை எழுத மாட்டேன்.

எங்கள் ஊர் ஆரணி. கமண்டல நாகநதிக் கரையில், பட்டுக்குப் பேர் போன ஊர். (ரயிலில் வருபவர்களுக்கு ஒரு தகவல்: ஆரணி ரோடு என்று பெயர்ப்பலகை இருக்கும் ஸ்டேஷன் ஆரணியில் இல்லை, களம்பூரில் இருக்கிறது.) எங்கள் வீட்டில் இரண்டு தறி. இரண்டும் குழித்தறி. தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். நெசவென்றால் எல்லோருக்கும் கை ஞாபகம் வரும். உண்மையில் பாவைத் திறப்பது கால். கால் மிதித்தால்தான் ஆயிரக்கணக்கான இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து வாய் திறக்கும். நாடா நடுவில் ஓடும். மாமா பிறந்த அன்றே தாத்தா சொல்லிவிட்டாராம், "இவனுக்குத் தறி இல்ல." அதனால் மாமா தார் சுற்றினார். ஊடைக்கு வேண்டிய பட்டை ராட்டையில் சுற்றிக்கொடுப்பது பெண்களும் பிள்ளைகளும் பார்க்கும் வேலை. கூலியும் அதற்கேற்ற மாதிரிதான். ஐம்பது வருஷத்துக்கு மேலாக மாமா அதைத்தான் செய்கிறார்.

கல்லூரியில் மூன்றாம் வருஷம், எலும்பியல் வகுப்பில் ஒரு ஸ்லைடு வந்தது. 'கவனிக்கப்படாத கிளப் ஃபுட்' என்று தலைப்பு. விளிம்பில் ஊன்றிய ஒரு பாதம், அதே தடிப்பு, அதே வெடிப்பு. "இந்தக் காலத்தில் இப்படியான கேஸைப் பார்ப்பது அரிது" என்றார் ஆசிரியர். என் வீட்டில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நோட்டில் நான்கு கோளாறுகளையும் வரிசையாக எழுதிக்கொண்டேன்: பாதத்தின் வளைவு அதிகம், முன்பாதம் உள்நோக்கி, குதிகால் உள்நோக்கி, குதிகால் மேல்நோக்கி. அடுத்த பக்கத்தில் பிரசவத்தில் தோள் நரம்பு இழுபட்டுக் கை விழுந்துபோவது, கழுத்துத் தசை இறுகித் தலை ஒருபக்கம் சாய்வது, இடுப்பு மூட்டு நழுவுவது. எல்லாவற்றுக்கும் மதிப்பெண் வந்தது. அந்த வருஷப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமாவின் காலைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. புத்தகத்தில் பார்த்துவிட்ட பிறகு அது வேறு காலாகிவிட்டது.

அண்ணனைக் கூப்பிட்டேன். "ஒரு கையில கணுக்காலுக்கு மேல பிடி. இன்னொரு கையில பாதத்த மெதுவா நேரா கொண்டா. வருதா?"

"வரல. எதுவோ தடுக்குது."

வந்திருந்தால் கவலையில்லை. கர்ப்பப்பையில் இடம் போதாமல் ஒடுங்கிப் படுத்த குழந்தைகளுக்கும் பாதம் இப்படி உள்ளே திரும்பியிருக்கும். கையால் கொண்டுவந்தால் நேராகும், சில வாரத்தில் தானாகவும் சரியாகும். 'தானா சரியாப் பூடும்' என்று சொன்னவர் அதை நினைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் இது வேறு. இது எண்ணெய்க்கு வராது. மறுநாள் குளிப்பாட்ட வரும் ஆயாவிடமும் சொல்லிவிடச் சொன்னேன், காலைப் பிடித்து உருவி இழுக்க வேண்டாம் என்று. ஆயாவுக்குக் கோபம். நாற்பது வருஷமாக அந்தத் தெருவுக் குழந்தைகளின் மூக்கையும் காலையும் நேராக்கியவர் அவர்.

இ-பாஸ் வாங்கி நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் வீட்டில் தீர்ப்பு முடிந்திருந்தது. கிரகணம்.

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்கு மேல் பிடித்து பதினொன்று தாண்டி விட்ட சூரிய கிரகணம். கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. எங்கள் பக்கம் சூரியனில் பெரும்பகுதி மறைந்தது. அண்ணிக்கு அப்போது நாள் தள்ளிப்போய்ச் சில தினங்கள்தான். யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் காலையில் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்கியிருக்கிறாள். அதை அம்மா பார்த்திருக்கிறாள். அடுத்த கிரகணம் 2020 ஜூன் 21 வந்தபோது அண்ணிக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. அன்று அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, தண்ணீர்கூடக் கொடுக்காமல் காவல் காத்தார்கள். ஆனால் முதல் கிரகணத்தின் முருங்கைக்காய் கணக்கில் நின்றுவிட்டது. மாமாவுக்கும் இதே கதைதான். ஆயா, அதாவது அம்மாவின் அம்மா, கிரகணத்தன்று வெற்றிலைக் காம்பைக் கிள்ளிவிட்டாளாம். சாகும்வரை சொல்லிச் சொல்லி அழுதாள்.

பத்து நாள் பிள்ளைத்தாய்ச்சி அண்ணி. பாப்பாவின் காலைத் துணியால் மூடிமூடி வைத்தாள். யாராவது பார்க்க வந்தால் (ஊரடங்கிலும் வந்தார்கள்) தூங்குகிறது என்று சொல்லிவிட்டாள்.

நான் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி நவம்பர் மூன்றாவது வாரம். அப்படியானால் கிரகணத்தன்று கருவுக்கு வயது மூன்றரை வாரம்தான். கை மொட்டும் கால் மொட்டும் முளைப்பது நாலாவது வாரக் கடைசியில். கை முதலில், ஓரிரு நாள் கழித்துக் கால். முதலில் துடுப்பு மாதிரி ஒரு தட்டு. ஆறு, ஏழாவது வாரத்தில் அதில் விரல்களுக்குக் கோடு விழும். எட்டாவது வாரம் முடியும்போது விரல்கள் பிரிந்திருக்கும். அப்போது எல்லாக் குழந்தைக்கும் இரண்டு உள்ளங்காலும் ஒன்றையொன்று பார்த்தபடிதான் இருக்கும். பிறகு மெல்ல மெல்லத் திரும்பி, நாலாவது மாதவாக்கில் நாம் பார்க்கும் பாதமாகும். நம் எல்லோருடைய காலும் அந்த நிலையைக் கடந்து வந்ததுதான்.

"அண்ணி, கிரகணத்தன்னைக்கு பாப்பாவுக்குக் காலே முளைக்கல. இல்லாத கால எப்படி வளைக்கும்?"

அண்ணி என்னையே பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு நொடி ஏதோ இளகியது. பக்கத்து வீட்டு அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "அதாம்மா நானும் சொல்றேன். முளைக்கற நேரத்துல பட்டுட்டுது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரத்தில்தான் அடுத்த தப்பைச் செய்தேன். இது பரம்பரையாக வரலாம் என்றேன். உலகம் முழுக்க ஏறத்தாழ ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்று என்று வரும், ஆண் குழந்தைகளுக்கு இரண்டு மடங்கு, ஏற்கனவே குடும்பத்தில் இருந்தால் வாய்ப்புக் கொஞ்சம் கூடும். கால் காலாகவே வளர வேண்டும் என்று கட்டளையிடும் மரபணுக்கள் சில இருக்கின்றன, பிட்எக்ஸ்1, டிபிஎக்ஸ்4 என்று பெயர். சில குடும்பங்களில் அவற்றில் மாற்றம் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தனி ஒரு காரணம் என்று எதையும் காட்ட முடியாது. இதையெல்லாம் நான் சொன்னேன். யாருக்கும் இதெல்லாம் காதில் விழவில்லை. விழுந்தது ஒரே சொல். அம்மா எழுந்து சமையலறைக்குள் போனாள். 'பரம்பரை' என்றால் மாமா. மாமா என்றால் அம்மா பக்கம். அண்ணியின் முருங்கைக்காயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அம்மாவின் ரத்தத்தை வைத்துவிட்டேன். அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. மாமா திண்ணையில் ராட்டையோடு இருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். வந்ததிலிருந்து பாப்பாவின் காலை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்று அண்ணன் பிறகு சொன்னான்.

இருபதாவது வார ஸ்கேனில் இது பெரும்பாலும் தெரிந்துவிடும். அண்ணிக்கு அந்த ஸ்கேன் தேதி மார்ச் கடைசி வாரம். 24ஆம் தேதி நள்ளிரவு நாடு மூடிக்கொண்டது. தெரிந்திருந்தாலும் வயிற்றில் வைத்து ஒன்றும் செய்திருக்க முடியாது. மனதைத் தயார் செய்துகொள்ள நான்கு மாதம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். அந்த நான்கு மாதமும் முருங்கைக்காயில் போயிருக்கும் என்றும் தோன்றுகிறது.

வேலூரில் ஒரு மருத்துவமனையில் தேதி வாங்கினோம். ஆகஸ்ட் கடைசியில், பாப்பாவுக்கு இரண்டு வாரம் ஆனபோது, வாடகைக் கார், இ-பாஸ், கண்ணமங்கலம் வழி. தறியில் பாதி பாவு நின்றது. கல்யாணங்கள் இல்லை, சேலை எடுக்க ஆளில்லை, புதுப் பாவு கொடுக்க முதலாளிக்கு மனமில்லை. கார் வாடகைக்கு அண்ணி வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அப்போதே தெரிந்தது, இந்த வைத்தியத்தில் பெரிய செலவு ஆபரேஷன் இல்லை, போக்குவரத்து என்று. வாரம் ஒரு முறை, ஐந்தாறு வாரம்.

வைத்தியத்தின் பெயர் பொன்செட்டி முறை. இக்னாசியோ பொன்செட்டி 1914இல் ஸ்பெயினின் மெனோர்கா தீவில் பிறந்தவர். அப்பா கடிகாரம் பழுதுபார்ப்பவர்; பையனும் பட்டறையில் உதவியவன். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் மருத்துவராக வேலை பார்த்து, தோற்ற பக்கத்தோடு பிரான்ஸுக்குத் தப்பி, மெக்ஸிகோ போய், கடைசியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே, ஆபரேஷன் செய்து நேராக்கிய குழந்தைகள் வளர்ந்த பின் கால் விறைத்து வலியோடு திரும்பி வருவதைப் பார்த்தார். வெட்டி நேராக்கியது வடுவாக இறுகியிருந்தது. 1940களின் கடைசியில் அவர் வேறு வழியில் போனார். பிறந்த குழந்தையின் பாதத்தில் எலும்பு பெரும்பாலும் குருத்தெலும்புதான். எலும்புகளைக் கட்டும் நார்களை நுண்ணோக்கியில் பார்த்தால் அலைஅலையாக மடிந்திருக்கும். மெதுவாக இழுத்தால் அலை நீளும். சில நாள் அப்படியே வைத்திருந்தால் நீண்ட நிலையிலேயே மறுபடி அலை விழும். அப்போது இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். முரட்டுத்தனமாக இழுத்தால் அறுந்து வடுவாகும்.

இதை நான் அண்ணிக்கு விளக்கியபோது இடையிலேயே நிறுத்தினாள். "முறுக்குப் பட்டு மாரியா?" அப்புறம் நான் விளக்கவில்லை. அவள் பதினாலு வயதிலிருந்து பட்டைத் தொடுகிறவள்.

1963இல் பொன்செட்டி முடிவுகளை வெளியிட்டார். ஏறத்தாழ முப்பது வருஷம் பெரிய அளவில் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆபரேஷன் செய்யும் கைகளுக்கு மாவுக்கட்டு கௌரவக் குறைச்சலாக இருந்திருக்கலாம். இது என் ஊகம். 1995இல் அவருடைய பழைய நோயாளிகளை முப்பது வயதுக்கு மேல் தேடிப் பிடித்துப் பரிசோதித்த ஆய்வு வந்தது. பெரும்பாலானோர் நன்றாக நடந்தார்கள். அதன்பின், இணையத்தில் ஒருவரையொருவர் கண்டுபிடித்த தாய்மார்கள் அயோவாவுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகத் தொடங்கிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2009இல் இறக்கும்வரை அவர் வேலையை விடவில்லை.

முதல் கட்டு போட்ட அன்று அண்ணி பதறிவிட்டாள். டாக்டர் பாதத்தை வெளியே திருப்பாமல், கட்டைவிரல் பக்கத்தை மேலே தூக்கினார். பார்ப்பதற்கு இன்னும் உள்ளே முறுக்குவதுபோல் இருக்கும். "இன்னும் வளைக்கறாங்களே" என்று என் கையைப் பிடித்தாள். எனக்குக் காரணம் தெரியும். முன்பாதத்தைப் பின்பாதத்தோடு ஒரே வரிசைக்குக் கொண்டுவந்தால்தான் அடுத்த வாரம் முழுப் பாதத்தையும் ஒன்றாகத் திருப்ப முடியும். தெரிந்தும் எனக்குக் கை நடுங்கியது. அடுத்தடுத்த கட்டுகளில் டாக்டரின் கட்டைவிரல் ஒரே இடத்தில் நின்றது, டேலஸ் எலும்பின் தலைமேல். உடம்பில் விசித்திரமான எலும்பு அது. ஒரு தசைகூட அதில் ஒட்டியிருக்காது. அதை அச்சாக வைத்துப் பாதத்தை வெளியே சுழற்றுவார். குதிகாலைத் தொடவே மாட்டார். தொட்டு இழுத்தால் பூட்டிக்கொள்ளும்; தொடாமல் விட்டால் தானாகவே பின்னால் வரும். பஞ்சு, அதன்மேல் மாவுக்கட்டு, முழங்காலை மடக்கித் தொடை வரைக்கும். முழங்காலோடு நிறுத்தினால் பிஞ்சுக் கால் கட்டிலிருந்து நழுவிவிடும்.

செப்டம்பர் 7இலிருந்து மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடியது. அதன்பின் பஸ்தான். அண்ணி மடியில் பாப்பா, பாப்பாவின் இரண்டு வெள்ளைக் கால்களும் தவளைக் கால் மாதிரி அகட்டி. ஐந்து கட்டு. ஒவ்வொரு வாரமும் கட்டைப் பிரிக்கும்போது பழைய பால் நாற்றமும் ஈரப் பஞ்சின் நாற்றமும் வரும், உள்ளே இருந்து வேறொரு பாதம் வரும். அண்ணி போனில் ஒவ்வொன்றையும் படம் எடுத்தாள். முதல் வாரம் துணியால் மூடியவள் மூன்றாவது வாரம் தெருவில் நிறுத்திக் காட்டினாள்.

ஐந்தாவது கட்டுக்குப் பின் குதிகால் மட்டும் இறங்கவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படித்தான். குதிகாலைப் பிடித்திருக்கும் அந்தத் தசைநாரை மரக்கவைக்கும் ஊசி போட்டு வெட்டிவிடுவார்கள். கொஞ்ச நேர வேலை, தையல்கூட வேண்டாம். எங்கள் ஊரில் அதற்கும் நரம்பு என்றுதான் பேர். அம்மா போனில் கத்தினாள், "நூலு அறுந்தா பிணைச்சுக்கலாம். நரம்பு அறுந்தா இன்னாடி பண்ணுவீங்க?" மூன்று வாரக் கட்டுக்குள் அதுவே பிணைந்துகொள்ளும் என்றேன், கொஞ்சம் நீளமாக. நம்பவில்லை. மூன்று வாரம் கழித்துக் கட்டு பிரித்தபோது இரண்டு பாதமும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன, வாத்துபோல. குதிகால் இறங்கியிருந்தது. அம்மா பாப்பாவின் குதிகாலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இங்கே முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

கட்டு போடுவது டாக்டரின் வேலை. அதன்பின் நான்கு வருஷம் வீட்டின் வேலை. இரண்டு சின்ன ஷூ, நடுவில் ஒரு கம்பி, பாதங்கள் வெளியே திரும்பியிருக்கும்படி. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு தூங்கும்போது மட்டும், நான்கு வயதுவரை. பாதத்துக்குத் திரும்பிப் போகும் ஆசை அவ்வளவு நாள் இருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு மறுபடி வளைவது இந்த ஷூவை விடுவதால்தான். ஏழை நாடுகளில் இது கிடைக்க வேண்டும் என்று உகாண்டாவில் ஸ்டீன்பீக் என்பவர் உள்ளூர்த் தோலையும் இரும்பையும் வைத்தே ஒன்றை வடிவமைத்தார். இந்தியாவிலும் அந்த மாதிரி புழக்கத்தில் இருக்கிறது. 2013இல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தில், பிறந்த குழந்தைகளிடம் தேட வேண்டிய குறைகளின் பட்டியலில் வளைபாதமும் உண்டு. ஷூ கிடைத்துவிடும். போட்டுவிட ஆள் வேண்டும்.

முதல் மூன்று மாதம் அண்ணி ஒரு மணி நேரம்கூட விடவில்லை. நான் சென்னை திரும்பிவிட்டேன். அம்மாவுக்கு அந்தக் கம்பி பிடிக்கவே இல்லை. "விலங்கு போட்ட மாரி கீது, பொட்டப் புள்ளைக்கு." 2021 மே 10 மறுபடி ஊரடங்கு. பாப்பாவுக்கு ஒன்பது மாதம், ஷூ சின்னதாகிவிட்டது, பெரிய அளவு வாங்க வேலூர் போக முடியவில்லை. குதிகாலில் கொப்புளம். கரண்ட் போன ராத்திரிகளில் புழுக்கத்தில் பாப்பா அலறும். அம்மா கழற்றிவிடுவாள். "ஒரு ராத்திரிதான" என்பாள். கிரகணப் பழி முழுதாக இறங்காத மருமகள் மாமியாரை எதிர்த்து எத்தனை ராத்திரி நிற்பாள்?

ஜூனில் வீடியோ கால். பாப்பா தூணைப் பிடித்து எழுந்து நின்றாள். எல்லோரும் கைதட்டினோம். அண்ணி போனைக் கீழே இறக்கிக் காலைக் காட்டி, "இடது கால் சரியா கீதா பாரேன்" என்றாள். இடது குதிகால் தரையில் முழுதாக ஊன்றவில்லை. நான் பார்த்தேன். அடுத்த பேஷன்ட் வெளியே காத்திருந்தார். "நடக்க ஆரம்பிச்சா வெயிட் விழுந்து சரியாயிடும் அண்ணி" என்றேன். 'தானா சரியாப் பூடும்' என்று சொன்னவர்மேல் எனக்கு ஒரு வருஷமாகக் கோபம் இருந்தது. அதே வார்த்தை என் வாயிலும் தயாராக இருந்திருக்கிறது.

ஜூலையில் ஊருக்குப் போய்க் கையால் பிடித்துப் பார்த்தேன். இடது பாதம் மேலே வரவில்லை. எதுவோ தடுத்தது. மறுபடி வேலூர், மறுபடி மாவுக்கட்டு, மூன்று. இந்த முறை பாப்பாவுக்கு விவரம் தெரியும். என்னைப் பார்த்தாலே அழுதாள். அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடு" என்றாள். விட்டாளா தெரியவில்லை.

புது ஷூவோடு வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி எட்டு மணிக்கு, யாரும் கேட்காமல், மாமா ராட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். "எப்படிப் போடறது, காட்டு" என்றார். அப்போதுதான் முதல்முறையாகப் பாப்பாவின் காலைத் தொட்டார். குதிகால் உள்ளே அழுந்தி உட்கார வேண்டும், நடு வாரை முதலில் இழுக்க வேண்டும், பின்பக்கம் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகக் குதிகால் தெரிகிறதா பார்க்க வேண்டும். ஒரு முறை காட்டினேன். ஐம்பது வருஷம் அறுந்த பட்டு நூலைத் தேடிப் பிடித்த விரல்கள். அதன்பின் எட்டு மணி என்றால் மாமாதான். அம்மா வாயெடுத்தால் மாமா நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். அம்மாவிடம் அந்தப் பார்வைக்குப் பதில் இல்லை.

அடுத்த வருஷம் பால் பிராண்டின் 'வலி என்னும் கொடை' நூலை ஆங்கிலத்தில் படித்தேன். தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்ததற்காக உலகப் புகழ்பெற்ற மருத்துவர். நம் கொல்லிமலையில் பிறந்தவர், அவரும் 1914இல்தான். 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்து ஏறத்தாழ இருபது வருஷம் இருந்தார். தொழுநோய்க்காகத்தான் அந்த நூலைப் பிரித்தேன். நடுவில் வளைபாதம் வந்தது. லண்டனில் பலத்தை உபயோகித்து நேராக்கிய பாதங்கள் விறைத்துக் கிடந்ததைப் பார்த்தவர், வேலூரில் வைத்தியமே பார்க்காத பாதங்கள் வளைந்திருந்தும் தொடுவதற்கு மென்மையாக இருப்பதைக் கண்டு யோசித்திருக்கிறார். கெடுப்பது வளைவு இல்லை, பலாத்காரம். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். குழந்தையைப் பசியோடு கொண்டுவரச் சொல்வார். அம்மா மடியில் வைத்துப் பால் கொடுக்க, இவர் பாதத்தைப் பிடித்து மெல்லத் திருப்புவார், பார்வை மட்டும் குழந்தையின் முகத்தில். குழந்தை மார்பை விட்டுவிட்டு இவரைப் பார்த்தால் எல்லை தாண்டிவிட்டார் என்று பொருள். அங்கே நிறுத்திக் கட்டுப் போட்டுவிடுவார்.

பிராண்டின் முறையும் பொன்செட்டி முறையும் ஒன்றல்ல. மாமாவுக்கு முழுதாகச் சரியாகியிருக்கும் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் மாமா பிறந்தது 1957. ஆரணியிலிருந்து வேலூர் நாற்பது கிலோமீட்டர்.

சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் அவரே கேட்டார். பாப்பா தூங்கிவிட்டாள். ராட்டை சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "இந்த வைத்தியம் நான் பொறந்தப்ப இருந்துச்சா?" என்றார்.

"இதே மாதிரி இல்ல மாமா. இது மாதிரி ஒண்ணு இருந்துச்சு."

"எங்க, வெளிநாட்லயா?"

"வேலூர்ல."

ராட்டை நிற்கவில்லை. ஒரு தார் நிரம்பியது. கழற்றி வைத்துவிட்டு இன்னொன்றை மாட்டினார்.

"எங்கப்பா மாசத்துக்கு ஒரு வாட்டி வேலூர் போவாரு. சேல குடுக்க" என்றார். "என்னியும் ரெண்டு வாட்டி கூட்டிக்கினு போயிருக்காரு. தூக்கிக்கினு போயி கோட்டையக் காமிச்சாரு. அகழியில தண்ணி இருந்துச்சு."

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தாத்தாவை அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, "நூல் தீந்துபோச்சு, உள்ளேர்ந்து எடுத்தா" என்றார். எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.

2024 ஆகஸ்டில் பாப்பாவுக்கு நான்கு வயது. டாக்டர் இனி ஷூ வேண்டாம் என்று சொல்லிவிட்டார், வருஷத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும். பாப்பா வீட்டில் நடப்பதில்லை, ஓடுகிறாள். அன்று சாயங்காலம் தறிக்குழி விளிம்பில் உட்கார்ந்து மிதியை எட்டப் பார்த்தாள், எட்டவில்லை. அண்ணன் அதட்டித் தூக்கி வெளியே விட்டான். ராத்திரி எட்டு மணிக்குப் பழக்கத்தில் பாயில் வந்து உட்கார்ந்து மாமா மடியில் இரண்டு காலையும் நீட்டினாள். மாமா ஷூவைத் தேடிக் கை நீட்டிவிட்டு, நினைவு வந்து நிறுத்தினார்.

"தாத்தா, இன்னிக்கி இல்லியா?"

"இல்ல" என்றார். ஆனால் காலை விடவில்லை. இடது குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தி, முன்பாதத்தை மேலே தூக்கி, வருகிறதா என்று பார்த்தார். வந்தது. மறுபடி ஒருமுறை பார்த்தார்.